துப்பறிவாளரும் காலமாற்றமும்: மத்தவிலாசக் காஞ்சி முதல் இன்றைய திரை வரை

ஒரு காலத்தில் எழுதப்பட்ட துப்பறியும் கதையைப் பிறிதொரு காலத்துக்கு ஏற்பத் திரையில் புதுப்பிக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற கேள்விக்கு, அக்கதை வகையின் வேரிலேயே விடை உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு. அரசின் நியாயஸ்தலம் செல்வமுடையார்க்கு வளைந்துகொடுக்கிறது என்னும் ஐயம் மக்கள் மனத்தில் வேரூன்றிய இடத்திலேதான், அதிகாரம் ஏதுமற்ற தனிமனிதன் ஒருவன் உண்மையைத் தேடிப் புறப்படுகிறான். ஆகவே, நியாயம் எங்கே விலைபோகிறது என்பதைக் காலந்தோறும் புதிதாகக் கண்டுரைப்பதே புதுப்பித்தலின் ஜீவநாடி.

இந்த ஐயம் நம் நாட்டுக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சி வீதிகளில் நிகழும் ஒரு தேடலே. தன் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்த சத்தியசோமன் என்னும் காபாலிகன், துணைவி தேவசோமையுடன் அலைந்து, நாகசேனன் என்னும் பௌத்த பிக்குவின்மேல் சந்தேகங்கொண்டு வழக்காடுகிறான்; நியாயஸ்தலம் செல்லலாம் என்ற பேச்சு எழுந்ததும், விகாரங்களின் செல்வம் படைத்த பிக்கு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவானே, ஏழைக் காபாலிகர்க்கு அங்கே புகலேது என்ற புலம்பல் எழுகிறது. கபாலத்தைக் கவ்விச் சென்றது நாய் என்பதும், அக்கபாலம் இப்போது ஒரு பித்தன் கையில் இருக்கிறது என்பதும் பின்னர் வெளிப்படுவது நகைச்சுவையே ஆயினும், அப்புலம்பல் நகைச்சுவையன்று.

தமிழ்த் திரையின் ஆரம்பகாலத் துப்பறியும் படங்களும் அதே புண்ணையே தொட்டன. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’ நாவல், 1936இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாகி, போலி மடாதிபதியை அம்பலப்படுத்தியது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’, 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரால், டி. ஆர். சுந்தரத்தின் இயக்கத்தில், எம். என். நம்பியார் பல வேஷங்களில் தோன்ற, ‘திகம்பர சாமியார்’ ஆயிற்று. மடமும் வக்கீலும் நாவல் தோன்றிய நாளில் பெற்றிருந்த செல்வாக்கைப் படம் வெளிவந்த நாளிலும் பெரிதும் இழக்கவில்லையாதலால், இயக்குநர்கள் காலத்தை வலிந்து மாற்றவேண்டிய அவசியம் நேரவில்லை. எனினும், நாவலுக்குக் குற்றவாளியின் தொழிலும் படத்துக்குத் துப்பறிபவரின் பெயரும் தலைப்பானமை, திரையின் நாட்டம் எத்திசையில் செல்லப்போகிறது என்பதற்கு முன்னறிகுறி.

அமெரிக்காவில் காலத்தை மாற்றும் இப்பிரச்சினை நேர்முகமாகவே எதிர்கொள்ளப்பட்டது. ரேமண்ட் சாண்ட்லர் 1953இல் வெளியிட்ட ‘தி லாங் குட்பை’ நாவலை 1973இல் படமாக்கிய ராபர்ட் ஆல்ட்மன், துப்பறிவாளன் மார்லோவை இருபதாண்டு உறங்கி விழித்தவனைப்போல் அக்காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உலவவிட்டார். பழைய கோட்டும், 1948ஆம் ஆண்டு லிங்கன் காரும், ஓயாத சிகரெட்டுமாக அவன் திரிய, சுற்றியுள்ள உலகமோ நட்பையும் வாக்கையும் மறந்து நிற்கிறது. 1946இல் ‘தி பிக் ஸ்லீப்’ படத்துக்கும் திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவரான லீ பிராக்கெட்டே இதற்கும் எழுதினார். துரோகம் செய்த நண்பனை மார்லோவே சுட்டுக்கொல்லும் புதிய முடிவு, பழைய தர்மம் புதிய காலத்தில் என்ன ஆகும் என்ற விசாரணையின் விளைவாகும்.

தமிழில் 1978இல் எஸ். பி. முத்துராமன் இயக்கிய ‘பிரியா’ வேறு வழி சென்றது. சுஜாதாவின் நாவல் லண்டனில் நிகழ, படம் சிங்கப்பூரில் நிகழ்ந்தது. கூர்மதியும் எள்ளலுமாக வாசகர் அறிந்திருந்த வக்கீல் கணேஷ், ரஜினிகாந்தின் உருவில் காதலும் பாட்டும் உடைய கதாநாயகனானார். படம் பெருவெற்றி பெற்றது உண்மையே. ஆயினும் இடமும் உடையும் புதுமை எய்தினவேயன்றி, குற்றத்துக்குக் காவலாக நிற்கும் சக்தி எது என்ற வினா புதுமை எய்தவில்லை.

அவ்வினாவை மீண்டும் எழுப்பியது 2017இல் வெளிவந்த மிஷ்கினின் ‘துப்பறிவாளன்’. ஆங்கிலத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸைப் புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனின் பெயரில் சென்னைக்குக் கொணர்ந்த இப்படத்தில், தன் நாயைக் கொன்றவன் யார் என்று கேட்கும் ஒரு சிறுவனின் வழக்கு, கொலைகளை விபத்தாகத் தோன்றச்செய்யும் கூலிக் கூட்டத்தினிடம் கொண்டுபோய் விடுகிறது. கொலையே தொழிலாகிவிட்ட நகரத்தில், வறியவனுக்கும் சிறியவனுக்கும் செவிசாய்க்கும் ஒருவன் வேண்டும் என்பதே இதன் சாரம்.

காஞ்சிப் பட்டில் வேறு நிறக் கரையை உடலோடு பிணைக்கும் கோர்வை நெசவு, நிறங்கள் வேறாயினும் இணைப்பு அறாதிருந்தால்தான் சேலையாகிறது; காலமும் பாத்திரமும் அவ்வாறே இணைதல் வேண்டும். இன்று, கைத்தறிக் காஞ்சிப் பட்டின் பெயரில் விசைத்தறிச் சேலையும் போலிச் சரிகையும் விலைபோகின்றன. தமிழகக் கோயில்களிற் களவுபோன திருமேனிகள் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் வெளிப்படுகின்றன. நம் பழைய துப்பறிவாளரை இக்காலத்துக்கு அழைத்துவர விரும்பும் இயக்குநர், அவருக்குக் கைப்பேசியும் காரும் தந்து திருப்தியடையாமல், நெசவாளியின் கூலியையும் ஊரார் தெய்வத்தையும் களவாடுவோர்க்கு எவர் துணைநிற்கின்றனர் என்று கேட்கும் கடமையையும் அவரிடம் ஒப்படைப்பாராயின், அப்படம் முன்னோர் மரபுக்கும் தன் காலத்துக்கும் ஒருங்கே நேர்மை செய்ததாகும்.