திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவப் பரவல்

திருநெல்வேலிச் சீமையில் கிறித்தவப் பரவல் என்பது, பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் கிறித்தவ சமயம் பெருமளவிலும், வடபகுதியில் குறைந்த அளவிலும் பரவிய வரலாற்று நிகழ்வைக் குறிக்கும். வடபகுதி என்பது திருவில்லிபுத்தூர், இராசபாளையம், ஆலங்குளம், சிவகாசி ஆகியவற்றை உள்ளடக்கியது. இப்பகுதி 1910 இல் புதிதாக அமைக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்துடனும், 1985 இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துடனும் சேர்க்கப்பட்டது. ஒரே சீமையில், ஒரே காலத்தில், ஒரே திருச்சபைச் சங்கங்கள் பணியாற்றியும் விளைவுகள் வேறுபட்டமையால், ஒரு சமயம் ஏன் சில இடங்களில் மட்டும் வேரூன்றுகிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாக உள்ளது.

கடற்கரை

முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர்கள் 1530களில் குழுவாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான பூசலில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைப் பெறுவது இதன் முதன்மைக் காரணமாகும். பிரான்சிசு சேவியர் 1542 இல் இங்கு வந்தபோது இம்மக்கள் ஏற்கனவே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். அவர் அளித்தது சமயக் கல்வியே ஆகும்.

தெற்கு

சாத்தான்குளம், திருச்செந்தூர், நாங்குநேரி வட்டாரங்களின் செம்மணல் தேரிகளில் பனைத்தொழில் செய்த நாடார் மக்களிடையே சீர்திருத்தக் கிறித்தவம் 1790களின் இறுதியில் பரவத் தொடங்கியது. புதிய கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டதால், 1799 இல் அவர்களுக்கென நிலம் வாங்கி முதலூர் என்னும் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு இம்முறையை விரிவுபடுத்தினார். 1841 முதல் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல் அங்கு பள்ளியும் ஆலயமும் எழுப்பினார். 1876–78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணிகளைத் தொடர்ந்து மேலும் பல்லாயிரவர் கிறித்தவத்தில் இணைந்தனர்.

வடக்கு

வடபகுதியிலும் முயற்சிகள் நடைபெற்றன. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இராக்லாண்ட், 1854 இல் தம் தோழர்களுடன் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்று சமயம் பரப்பும் பணியைத் தொடங்கினார். அவர் 1858 இல் சிவகாசியில் காலமானார். எனினும் தெற்கைப் போன்ற கூட்டு மதமாற்றம் இங்கு பரவலாக ஏற்படவில்லை.

வேறுபாட்டிற்கான காரணங்கள்

* உள்ளூர் அமைப்புகள்: சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகம் செய்த நாடார்கள் பேட்டை, மகமை, உறவின்முறை ஆகிய அமைப்புகளைக் கொண்டிருந்தனர். மகமை நிதியைக் கொண்டு தாங்களே பள்ளி நடத்தினர். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889 இல் தொடங்கப்பட்டது. தெற்கில் திருச்சபை அளித்த கல்வியும் பாதுகாப்பும் வடக்கில் உறவின்முறையிடமிருந்து கிடைத்தன.
* மதிப்பிற்கான வழி: இழிவிலிருந்து விடுபடும் நோக்கம் இரு பகுதியினருக்கும் பொதுவானது. தெற்கில் பலர் சமயம் மாறினர். வடக்கில் பலர் இந்து சமயத்திற்குள் இருந்தே கோயில் நுழைவு உரிமை கோரினர். கமுதிக் கோயில் நுழைவு (1897) தொடர்பான வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1908 இல் தோல்வியுற்றது. 1899 இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. 1939 இல்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நாடார்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் திறக்கப்பட்டது.
* சமயச் சூழல்: திருவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய வைணவத் தலமாகும். இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் இராசுக்கள் செல்வாக்குடன் விளங்கினர். இத்தகைய ஊர்களில் கோயிலும் நிலவுடைமையும் சமூக அமைப்புடன் இறுகப் பிணைந்திருந்தன.
* கூட்டு முடிவு: மதமாற்றம் தனிமனிதர் வழியாக அன்றி, உறவினர் வழியாகவே விரைந்து பரவியது. ஓர் ஊரின் முதன்மைக் குடும்பங்கள் இணைந்தால் மற்றவர் தொடர்ந்தனர். அவர்கள் விலகி நின்றால் பரவல் தடைப்பட்டது.

பிற பகுதிகளுடன் ஒப்பீடு

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஏறத்தாழ 47 விழுக்காடு ஆகும். அங்கு திருவிதாங்கூர் ஆட்சியின் சாதிக் கட்டுப்பாடுகளும், 1859 ஆணையில் முடிந்த தோள்சீலைப் போராட்டமும் பரவலுக்குத் துணைபுரிந்தன. மிசோரம், நாகாலாந்து மாநிலங்களில் கிறித்தவர் 87 விழுக்காட்டிற்கும் மேல் உள்ளனர். எழுத்தும் பள்ளியும் அங்கு சமயப் பரப்புநர் வழியே வந்தன.

எனவே, பரப்புநரின் முயற்சி மட்டுமே ஒரு சமயத்தின் பரவலைத் தீர்மானிப்பதில்லை. அதனை ஏற்கும் மக்களின் தேவையும், அத்தேவையை நிறைவேற்ற வேறு வழிகள் இருந்தனவா என்பதும் அதே அளவு முக்கியமானவையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* தோள்சீலைப் போராட்டம்
* இராபர்ட்டு கால்டுவெல்
* விருதுநகர் மாவட்டம்