தழும்புதான் சாட்சி!

1964-ம் வருடம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ என்கிற ஊர். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரொம்பப் பழைய கார் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார் 91 வயதுப் பெரியவர் ஒருவர். பெயர், ஜார்ஜ் ஷூஸ்டர். அவரை அத்தனை தூரம் வரவழைத்ததே ஒரே ஒரு கேள்விக்காகத்தான்.

'ஐயா, 56 வருஷத்துக்கு முன்னால் நீங்கள் உலகத்தையே சுற்றிய கார் இதுதானா?'

பெரியவர் சட்டென்று தலையாட்டிவிடவில்லை. அவருக்குச் சந்தேகம்!

அப்படி என்ன கார் அது? கொஞ்சம் பின்னால் போவோம்.

1908, பிப்ரவரி 12. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஜனசமுத்திரம். ஆறு கார்கள் வரிசையாக நிற்கின்றன. பிரான்ஸ் நாட்டுக் கார்கள் மூன்று, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்காவிலிருந்து தலா ஒன்று. போக வேண்டிய ஊர், பாரீஸ்! கப்பலில் அல்ல. அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, பசிபிக்கைத் தாண்டி, சைபீரியா வழியாக! மோட்டார் காரே அதிசயமாக இருந்த காலம். வழியில் பாதி இடத்தில் ரோடே கிடையாது.

அமெரிக்கா சார்பில் போனது 'தாமஸ் ஃப்ளையர்'. பஃபலோ நகரத் தொழிற்சாலையில் தயாரானது. நாலு சிலிண்டர், 60 குதிரைசக்தி. மேலே கூரை இல்லை, முன்னால் கண்ணாடியும் இல்லை. பனிக்காலத்தில்! அதில் மெக்கானிக்காக ஏறியவர்தான் ஷூஸ்டர். டிரைவர்கள் வழியில் மாறினார்கள்; மெக்கானிக் மட்டும் இறங்கவேயில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பிறகு ஸ்டீயரிங்கும் அவர் கைக்கே வந்துவிட்டது.

ரோடு இல்லாத இடத்தில் ரயில் தண்டவாளத்தின் மேலேயே வண்டியை ஓட்டினார்கள். கட்டைக்குக் கட்டை 'தடக்... தடக்...' என்று உடம்பே கழன்று போகிற மாதிரி பயணம். சைபீரியச் சேற்றில் போட்டியாளரான ஜெர்மன் கார் மாட்டிக்கொண்டு முழிக்க, ஷூஸ்டர் குழு அதை இழுத்துக் கரையேற்றியது. நெகிழ்ந்துபோன ஜெர்மானியர்கள் ஷாம்பெய்ன் பாட்டிலைத் திறந்தார்களாம்!

உடைந்ததை எல்லாம் போகிற வழியிலேயே ஷூஸ்டர் சரிசெய்தாக வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை எங்கே இருக்கிறது? கிடைத்த இரும்பை வைத்து ஒட்டுப்போட்டு ஓட்டினார்.

ஜூலை 30. பாரீஸ் எல்லையில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். ஒரு ஹெட்லைட் எரியவில்லை, விட முடியாது என்றார். 169 நாள் கடந்து வந்த வண்டியை! வேடிக்கை பார்த்த ஒருவர் தன் சைக்கிள் விளக்கைத் தர முன்வந்தார். விளக்கு கழன்று வரவில்லை. அப்புறம் என்ன, சைக்கிளையே தூக்கி காரில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போனார்கள்! நாலு நாள் முன்பே ஜெர்மன் கார் வந்துவிட்டிருந்தாலும், அமெரிக்காவில் கொஞ்ச தூரம் அதை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனது உள்ளிட்ட காரணங்களால் 30 நாள் பின்தள்ளப்பட்டது. தாமஸ் ஃப்ளையருக்கே வெற்றி. மொத்தம் 169 நாட்கள்!

அதற்குப் பிறகு? வழக்கமான கதைதான். ஐந்து வருஷத்துக்குள் தாமஸ் கம்பெனி நொடித்து, 1913-ல் சொத்துகள் ஏலம் போயின. உலகைச் சுற்றிய காரும் கைமாறி, ஓரம்கட்டப்பட்டது. ஷூஸ்டரையும் ஊர் மறந்தது.

ஓடி ஓடித் தேய்ந்த வண்டியைவிட, நின்று நின்று கெட்ட வண்டியை எழுப்புவதுதான் கஷ்டம். டாங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒட்டி, குழாய்களை அடைத்துவிடும். பிஸ்டன் ரிங்குகள் துருவேறி சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். ரப்பர் வெடித்துவிடும். ஆசையில் எடுத்தவுடனே ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் போச்சு, உள்ளே இருப்பதும் உடையும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, பொறுமையாக ஊறவிட்டு, கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பார்கள். முழுசாகக் கெட்டிருந்தால் ஒரே வழிதான்... அக்கக்காகக் கழற்றுவது!

அந்த வேலையில் இறங்கியவர் பில் ஹாரா. ரீனோவில் சூதாட்ட விடுதிகள் நடத்திய கோடீஸ்வரர். ஆயிரத்துக்கும் மேல் பழைய கார்களைச் சேர்த்த மகா பைத்தியம். லாங் ஐலண்டில் கார் மியூசியம் வைத்திருந்த ஹென்றி ஆஸ்டின் கிளார்க்கிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். ஆனால், இதே மாதிரி தாமஸ் கார்கள் வேறும் உண்டே, இதுதான் அது என்று எப்படி நம்புவது? அதனால்தான் ஷூஸ்டரை அழைத்தார்.

பெரியவரின் சந்தேகம் நியாயமானது. வெளித்தோற்றத்தை வைத்து எதையும் சொல்ல முடியாத நிலையில் இருந்தது கார். ஆனால், மெக்கானிக்குகள் ஒவ்வொரு பாகமாகக் கழற்ற ஆரம்பித்ததும் கதை மாறியது. உள்ளே சட்டத்தில் விரிசல் விட்ட இடங்கள், அதற்குப் போட்ட ஒட்டு வேலைகள்... ஷூஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. அவை அவரே வழியில் செய்த ரிப்பேர்கள்! அவர் கைவேலை அவருக்குத் தெரியாதா?

யோசித்துப் பாருங்கள். நடுவில் யாராவது ஒரு புண்ணியவான், 'அசிங்கமாக இருக்கிறதே' என்று அந்த ஒட்டுகளையெல்லாம் ராவி எறிந்து, பளபளவென்று புதுச் சட்டம் போட்டிருந்தால்? கார் அழகாக ஓடியிருக்கும். ஆனால், அது யாரோ ஒரு காராகிப் போயிருக்கும்.

ஹாராவுக்கு இது புரிந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம்புது நிலைக்கு பழைய கார்களைக் கொண்டுவருவதுதான் அவருடைய வழக்கம். இந்த ஒரு காருக்கு மட்டும் விதியை மாற்றினார். 1908-ல் பாரீஸுக்குள் நுழைந்தபோது எப்படி இருந்ததோ, அடிபட்டு அழுக்கேறி, அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொன்னார். கார் மறுபடி உயிர் பெற்றது. இன்றும் ரீனோவின் தேசிய ஆட்டோமொபைல் மியூசியத்தில் நிற்கிறது.

காரோடு சேர்ந்து ஷூஸ்டருக்கும் விடிந்தது. 1966-ல் தன் பயணத்தைப் புத்தகமாக்கினார். 1968-ல் 'நியூயார்க் டைம்ஸ்' அவருக்குப் பரிசுப் பணம் 1,000 டாலரைக் கொடுத்தது. பந்தயம் முடிந்து 60 வருஷம் கழித்து! 1972-ல், 99-வது வயதில் காலமானார்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் தாத்தா ஓட்டிய வண்டி ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கலாம். தாராளமாக எழுப்புங்கள். எஞ்சினைப் பாருங்கள், டயரை மாற்றுங்கள். ஆனால், எங்கேயாவது கோணல்மாணலாக ஒரு ஒட்டு தெரிந்தால், ராவித் தள்ளுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது தாத்தாவின் கையெழுத்தாக இருக்கலாம்!