பௌதிகவியல் யாருக்காக?

சர்வகலாசாலைகளின் சரித்திரத்தை எழுதுவோர் கட்டிடங்களையும் உபவேந்தர்களையும் பட்டமளிப்பு விழாக்களையும் பற்றி விரிவாக எழுதுவர். எந்தப் பாடம், எந்த மாணவருக்கு, என்ன நோக்கத்தோடு கற்பிக்கப்பட்டது என்ற வினாவை அவர்கள் அரிதாகவே எழுப்புவர். ஆனால், ஒரு சமுதாயம் தன் அறிவை யாரோடு பங்கிட்டுக்கொண்டது, யாருக்கு மறுத்தது என்பதை அறிய வேண்டுமாயின் அவ்வினாவையே முதலில் எழுப்புதல் வேண்டும். கொழும்பு நகரிற் பௌதிகவியற் கல்வி வளர்ந்த வரலாற்றை நாம் இங்கு அவ்வாறே நோக்க விரும்புகின்றோம். தமிழ் கற்பிக்கும் நமக்குப் பௌதிகவியலில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்குரிய விடையும் இவ்வரலாற்றினுள்ளேயே இருக்கின்றது.

குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இலங்கையின் உயர்கல்வி அரசாங்கத்தின் தேவைகளைப் பின்பற்றியே வளர்ந்தது. 1870ஆம் ஆண்டு கொழும்பில் வைத்தியக் கல்லூரி தோன்றிற்று. 1893ஆம் ஆண்டு தொழினுட்பக் கல்லூரி ஆரம்பமாயிற்று. 1921ஆம் ஆண்டு தேர்ஸ்டன் வீதியில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று அவ்வீதி சிங்கள மொழியறிஞரான குமாரதுங்க முனிதாசவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அக்கல்லூரி தானாகப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. மாணவர் லண்டன் சர்வகலாசாலையின் பரீட்சைகளுக்கே தோற்றினர். விரிவுரை கொழும்பில் நிகழ்ந்தது. அதன் எல்லையை வகுத்த பரீட்சையோ லண்டனுக்குரியதாய் இருந்தது.

அக்காலந்தொட்டே பௌதிகவியல் மாணவர் மூவகையினராய்ப் பிரிந்திருந்தனர். விசேட பட்டத்திற்காக அப்பாடத்தையே துறையாகக் கொண்டோர் ஒரு சிலர். பொதுப் பட்டத்திற்காக வேறு பாடங்களோடு சேர்த்துக் கற்றோர் மற்றொரு பிரிவினர். அவர்களிற் பலர் பின்னர் பாடசாலைகளில் ஆசிரியராயினர். மூன்றாம் பிரிவினர் வைத்தியராக விரும்பியோர். வைத்தியக் கல்வியின் வாயிலிற் பௌதிகவியலும் இரசாயனவியலும் உயிரியலும் தேறவேண்டிய பாடங்களாய் இருந்தன. கண்ணின் வில்லை ஒளியை எவ்வாறு முறிக்கின்றது, குழாய்களிற் குருதி எவ்வமுக்கத்தில் ஓடுகின்றது என்பனவெல்லாம் பௌதிகவியலின் விடயங்களே. ஆதலின் வைத்தியனுக்கு அக்கல்வி தேவையென்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு பாடம் வேறொரு தொழிலின் வாயிற்படியாக மாத்திரம் வைக்கப்படும்போது, படியைத் தாண்டியவன் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பௌதிகவியலை அறிவாகக் கருதும் மனப்பான்மைக்கு முன்பே அதனைத் தடையாகக் கருதும் மனப்பான்மை நம் நடுத்தர வர்க்கத்தில் வேரூன்றிவிட்டது.

இம்மூவகையினருள்ளும் அடங்காத நாலாம் பிரிவொன்று உண்டு. இலக்கியமும் வரலாறும் பொருளாதாரமும் கற்ற மாணவரும், சர்வகலாசாலையின் வாயிலையே காணாத பெருந்தொகையான மக்களும் அப்பிரிவினர். அவர்களுக்குப் பௌதிகவியல் எதற்கு என்று எவரும் சிந்திக்கவில்லை. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டில். சர்வகலாசாலையிற் பொறியியற் பீடம் அமைந்ததும் அதே 1950ஆம் ஆண்டில்தான். விழும் நீரின் சத்தி மின்சத்தியாக மாறும் என்பது அன்று வகுப்பறையிற் புதிய செய்தியன்று. அவ்வறிவு நாட்டின் உற்பத்தியோடு இணைவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதன் பௌதிகவியற் பேராசிரியராகவும், பின்னர் விஞ்ஞான பீடாதிபதியாகவும் விளங்கியவர் கேம்பிரிட்ஜிற் பயின்ற ஏ. டபிள்யூ. மயில்வாகனம். 1943ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சுவாமி விபுலாநந்தர் பொறுப்பேற்றார். காரைதீவிற் பிறந்த சுவாமிகளின் இயற்பெயரும் மயில்வாகனம் என்பதே. பெயரொற்றுமை தற்செயலானது, அதன் பின்னாலிருக்கும் மற்றோர் ஒற்றுமை தற்செயலானதன்று. தமிழ்ப் பேராசிரியரும் விஞ்ஞானத்திலேயே பயிற்சி பெற்றவர். கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியிற் கற்று, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றி, 1920ஆம் ஆண்டு லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றவர் அவர். 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

1947ஆம் ஆண்டு வெளிவந்த ‘யாழ்நூல்’ இப்பயிற்சியின் கனி. இழுத்துக் கட்டிய நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் மீடிறன் இருமடங்காகும். நீளங்களின் விகிதமே சுரங்களின் உறவு. பௌதிகவியலின் முதலாண்டு மாணவனும் அறிந்த இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு, சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையின் இசைக் குறிப்புகளுக்குப் பொருள் கண்டு, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை அவர் மீட்டெடுக்க முயன்றார். அவருடைய முடிபுகள் எல்லாவற்றையும் இசையறிஞர் ஏற்கவேண்டுமென்பதில்லை. பௌதிகவியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் அதனை அறிந்திருந்தமையால் தமிழ் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் செல்ல முடிந்தது என்பதே இங்கு நாம் கருதவேண்டியது. ஆயினும் அவர் ஒரு விதிவிலக்காகவே நின்றார். அவருக்குப் பின் வந்த தமிழ் மாணவர் பலருக்கு விஞ்ஞான பீடம் பக்கத்துக் கட்டிடமாக இருந்ததேயன்றிப் பக்கத்து அறிவாக இருக்கவில்லை.

1945ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு உயர்ந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் ஆற்றிய உழைப்பை நாம் மறத்தலாகாது. ஆர்முடுகல், உந்தம், மீடிறன், திணிவு, இலத்திரன் என்னும் சொற்களெல்லாம் ஈழத்துத் தமிழ் மாணவரின் நாளாந்த வழக்காயின. தமிழகத்தாரோடு கலந்துபேசி இவை அமைந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும். நாம் ‘நிறை’ என்று சொல்வதைத் தமிழக மாணவன் ‘எடை’ என்கின்றான். அவன் ‘நிறை’ என்று சொல்வதோ நமக்குத் ‘திணிவு’. ஒரே மொழி பேசும் இரு மாணவர் ஒரு தராசின் முன்னால் நின்று ஒருவரையொருவர் தவறாக விளங்கிக்கொள்ளக்கூடிய நிலை இது. இக்குறை இருந்தபோதிலும், பௌதிகவியலைத் தமிழிற் கற்பிக்க முடியுமா என்ற ஐயத்திற்கு அவ்வுழைப்பு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்துக் காட்டியிருந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஆனால் பணி பாதிவழியில் நின்றது. 1960ஆம் ஆண்டு தொடக்கம் பல்கலைக்கழகத்தின் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. விஞ்ஞானத் துறையில் ஆங்கிலமே முதன்மை பெற்று நீடித்தது. இன்று கொழும்பில் மட்டுமன்று, யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞான பீடத்தின் போதனாமொழி ஆங்கிலமே. உயர்தர வகுப்பு வரை ஆர்முடுகலையும் மீடிறனையும் தமிழிற் சிந்தித்த மாணவன், பல்கலைக்கழகத்தின் முதல் விரிவுரையிலேயே தன் அறிவின் சொற்களையெல்லாம் இழந்து நிற்கின்றான். வெள்ளவத்தையில் ஆங்கிலம் பேசும் குடும்பத்திற் பிறந்தவன் விரைவில் மீண்டுவிடுவான். கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளியின் வீட்டிலிருந்து வருபவனுக்கு அவ்வாண்டு பௌதிகவியலைக் காட்டிலும் மொழியோடு போராடும் ஆண்டாகின்றது. வகுப்பு வேறுபாடு இங்கு மொழியின் வேடத்தில் வருகின்றது.

இக்குறுகிய வாயிலின் விளைவை நாடு 1971ஆம் ஆண்டிற் கண்டது. நாலு பாடங்களுக்கான 400 புள்ளிகளுள், மருத்துவத் துறைக்கு அனுமதி பெறத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பௌதிக விஞ்ஞானத்திற்கு அவ்வெல்லைகள் முறையே 204, 183 என அமைந்தன. தமிழ் இளைஞர் நெஞ்சில் அது ஆறாத புண்ணாயிற்று. அந்த அநீதியை அநீதியென்றே கூறுதல் வேண்டும். அதே ஆண்டு ஏப்ரில் மாதத்திற் கிளர்ந்தெழுந்த சிங்களக் கிராமத்து இளைஞரின் நிலையையும் உடன் நோக்குதல் வேண்டும். அவர்களின் பாடசாலைகளில் ஆய்வுகூடம் இருக்கவில்லை. கலைப் பாடங்களே அவர்களுக்குக் கிடைத்தன. கற்று முடித்தோருக்கு வேலை கிடைக்கவில்லை. மலையகத் தோட்டத்துப் பிள்ளைக்கும் வன்னிக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஆய்வுகூடம் அவ்வாறே எட்டாப் பொருளாய் இருந்தது. வாயிலை அகலமாக்காமல், வாயிலில் நிற்போரை இனத்தின் பெயரால் மோதவிட்டதே அன்றைய கொள்கையின் பயன்.

பிற நாடுகள் இவ்வினாவை வேறு விதமாக எதிர்கொண்டன. ருஷ்யாவில் யாக்கோவ் பெரெல்மான் 1913ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்காகப் பௌதிகவியலைச் சுவைபட எழுதினார்; அந்நூலைத் தமிழிலும் நம்மவர் படித்தனர். 1957ஆம் ஆண்டு சோவியத் நாடு முதற் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியபின், அமெரிக்கர் தம் பௌதிகவியற் போதனையை மேலும் தீவிரமாகச் சீர்திருத்தினர். பௌதிகவியலாளராகும் எண்ணமில்லாத மாணவருக்காக, அவ்வறிவின் வரலாற்றையும் மனிதத் தன்மையையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடநெறியொன்றை ஹாவார்டில் ஜெரால்ட் ஹோல்டனும் அவர்தம் தோழரும் அமைத்தனர். நம் அயலிலே, 1962ஆம் ஆண்டு தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் விஞ்ஞானத்தை மலையாளத்திற் கிராமந்தோறும் கொண்டுசென்றது. நிபுணனல்லாதவனுக்கும் விஞ்ஞானம் உரியது என்பதை இவை ஒவ்வொன்றும் தத்தம் வழியில் ஏற்றுக்கொண்டன.

இலங்கையிலோ, சாதாரணதரப் பரீட்சையோடு விஞ்ஞானத்தை விட்டுப் பிரிந்து கலைப் பிரிவுக்குச் செல்லும் மாணவன், பட்டதாரியாகும் வரை பௌதிகவியலைச் சந்திக்காமலே இருந்துவிட முடிகின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நிலக்கரியா, நீரா, சூரிய ஒளியா, காற்றா என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. சத்திக்கும் வலுவுக்குமுள்ள வேறுபாட்டை அறியாத பிரசை அவ்விவாதத்தில் யார் உரக்கப் பேசுகின்றாரோ அவரையே நம்பவேண்டியவனாகின்றான். மின்கட்டணத்தைச் செலுத்துபவன் அவன். அதனை நிர்ணயிக்கும் கணக்கை விளங்கிக்கொள்ளும் உரிமையும் அவனுடையதே.

பௌதிகவியலைத் துறையாகக் கொள்வோருக்கு ஆங்கிலம் வேண்டும். அதனை மறுப்பார் இலர். அவர்களுக்கு முதலாண்டில் இரு மொழிப் பாலம் ஒன்று அமைத்துக் கொடுத்தல் நியாயமானது. கலையும் வணிகமும் சட்டமும் பயில்வோருக்கோ, தமிழிலும் சிங்களத்திலும் ஆய்வுகூடப் பயிற்சியுடன் கூடிய பொதுப் பௌதிகவியற் பாடநெறியொன்று வேண்டும். அதற்கு வேண்டிய சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கற்பிக்கத்தக்க பட்டதாரிகளும் இருக்கின்றனர். அப்பாடநெறியை நமது கல்விமான்கள் இரண்டாந்தரப் பௌதிகவியலென்று எள்ளக்கூடும். நாட்டின் மிகப் பெரும்பான்மையோருக்குப் பௌதிகவியலே இல்லாதிருப்பதைக் காட்டிலும் எள்ளத்தக்கது வேறொன்றுமில்லை. நூறாண்டுகளாக ஒரு சிலரைத் தெரிந்தெடுப்பதற்கே பயன்பட்ட அறிவு, இனியாவது எல்லோருக்கும் கற்பிக்கப்படும் அறிவாகவேண்டும்.