கவுன்சலிங் பிறந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஜூலை மாதத்தில் ராணிப்பேட்டை முத்துக்கடையில் சென்னை பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் சிலரைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். கையில் சான்றிதழ் ஃபைலோடு ஒரு பிள்ளை, பக்கத்தில் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த அப்பா அல்லது அம்மா. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பிள்ளைக்கும் துணைக்கு வருபவர் ஒருவருக்கும் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். கோயம்பேட்டில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேருவார்கள். கவுன்சலிங் எனப்படும் சேர்க்கைக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் இடம் பெற நினைத்த குடும்பங்கள் இந்தப் பயணத்துக்குத் தப்பியதில்லை.

இந்தக் கவுன்சலிங்கைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவரும் இதே தோல் சீமைக்காரர்தான். மு. ஆனந்தகிருஷ்ணன் 1928 ஜூலை 12 அன்று வாணியம்பாடியில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்து, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கான்பூர் ஐஐடியில் பேராசிரியர், வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர், பிறகு நியூயார்க்கில் ஐ.நா. பணி. இவ்வளவையும் முடித்துவிட்டு 1990இல் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகத் திரும்பினார். ஆறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் வந்த நேரம் அப்படிப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்திருந்தன. சீட்டு வேண்டுமென்றால் நன்கொடை, அல்லது பெரிய இடத்துச் சிபாரிசு. இரண்டும் இல்லாதவன் வீட்டுக்குப் போகலாம். 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்களை அரசுக் கல்லூரிக் கட்டணத்திலேயே மதிப்பெண் வரிசைப்படி நிரப்பச் சொன்னது. தீர்ப்பு எழுதுவது ஒன்று, மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கல்லூரிகளின் இடங்களை ஒரே வரிசையில் பங்கிடுவது வேறொன்று. அந்த இரண்டாவது வேலைக்குக் கிடைத்த விடைதான் கவுன்சலிங் என்கிற ஒற்றைச் சாளர முறை. தொண்ணூறுகளில் அது உருப்பெற்றது.

முறை ரொம்ப எளிமையானது, அதனால்தான் நிலைத்தது. எல்லாருக்கும் ஒரே தரவரிசை. கிண்டியில் உங்கள் முறை வரும்போது உள்ளே போவீர்கள். எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று எதிரில் திரையில் ஓடும். ஒன்றைச் சொன்னால் ஒதுக்கீட்டு ஆணை அங்கேயே கைக்கு வந்துவிடும். அந்த எண்ணிக்கையை வெளியே காத்திருப்பவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்தத் திரைதான். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற எண்ணிக்கையில் எந்த மந்திரியின் சிபாரிசுக் கடிதத்தைச் செருக முடியும்?

ஆனால் வரிசை நியாயமாக இருந்தால் போதாது, வரிசையில் நிற்க விடுவதும் நியாயமாக இருக்க வேண்டும். 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. அந்த நூறில்தான் பேரணாம்பட்டுப் பிள்ளையும் சோளிங்கர்ப் பிள்ளையும் சறுக்கினார்கள். மூளையில் குறையில்லை, கோச்சிங் சென்டர் ஊரில் இல்லை, இருந்த ஊரில் போய்த் தங்கிப் படிக்கக் காசில்லை.

2005இல் ஜெயலலிதா அரசு அந்தத் தேர்வை அரசாணையால் ரத்து செய்தது; உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் சட்டமே போட்டுப் பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை. மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ என்று வெவ்வேறு வாரியத்தில் படித்தவர்களைப் பொதுத் தேர்வு இல்லாமல் எப்படி ஒப்பிடுவீர்கள் என்பது சட்டத்தின் வழியில் கிடந்த பெரிய கல். ஆட்சி மாறியது. கருணாநிதி அரசு 2006 ஜூலையில் ஒரு நிபுணர் குழு போட்டு, ஆனந்தகிருஷ்ணனைத் தலைவராக்கியது. அவருக்கு அப்போது வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கல்லை நகர்த்தியது அந்தக் குழு சொன்ன ஒரு கணக்கு. ஒவ்வொரு பாடத்திலும் வேறு வாரியத்தில் எடுக்கப்பட்ட உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்குச் சமமாக வைத்து, மற்றவர்களின் மதிப்பெண்ணையும் அதே விகிதத்தில் ஏற்றுவது. அங்கே இயற்பியலில் 95தான் உச்சம், இங்கே 100 என்றால், அந்த 95 இங்கே 100 ஆகிவிடும். இந்தச் சமன்பாட்டோடு வந்த சட்டத்துக்கு 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. இந்த முறை உயர் நீதிமன்றமும் ஏற்றது. அந்த ஆண்டே நுழைவுத் தேர்வு இல்லாமல் கவுன்சலிங் நடந்தது.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997இல் வேறு வழி பிடித்திருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். பிள்ளையை அவன் பள்ளிக்குள்ளேயே ஒப்பிடும் ஏற்பாடு அது. நாம் மாநிலத்தையே ஒரே வகுப்பாக வைத்து ஒப்பிட்டோம். அதன் விலையையும் கொடுத்தோம். ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் போய் இரண்டு வருடமும் ப்ளஸ் டூவையே உருப்போட வைத்த தனியார் விடுதிப் பள்ளிகள் கொழித்தன. கோச்சிங் சென்டரிடம் போன காசு அங்கே திரும்பியது, அவ்வளவுதான். 2017இல் பள்ளிப் பாடத்திட்டத்தை மாற்றி எழுதும் குழுவுக்கும் ஆனந்தகிருஷ்ணனே தலைவரானார். எண்பத்தெட்டு வயதில் அவர் பள்ளிப் புத்தகத்தில் வந்து நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவத்தில் தேசிய நுழைவுத் தேர்வான நீட் வந்து 2007இன் சட்டத்தை ஓரம் தள்ளியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தர வேண்டிவந்தது. கதவைத் திறந்து வைத்தால் எல்லாரும் உள்ளே வந்துவிட மாட்டார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனந்தகிருஷ்ணன் 2021 மே 29 அன்று கொரோனாவில் காலமானார்.

2018இல் கவுன்சலிங் இணையத்துக்கு மாறியதும் கிண்டிப் பயணம் நின்றது. பஸ் காசும் அப்பாவின் ஒருநாள் சம்பளமும் மிச்சம். ஆனால் கிண்டியில் திரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்திலிருப்பவரிடம் 'இந்தக் காலேஜ் எப்படிங்க?' என்று கேட்ட வசதியும் போயிற்று. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பெண் செல்போனில் விருப்பப் பட்டியல் போடும்போது, தெரிந்த நாலு கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறாள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம் என்று அவளுக்குச் சொல்ல ஆள் வேண்டும். அதற்காகத்தான் மாவட்டந்தோறும் உதவி மையங்கள். வேலூர் பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் கல்லூரி ஆசிரியர்களே உட்கார்ந்து சான்றிதழ் சரிபார்த்து, பட்டியல் நிரப்பவும் உதவுகிறார்கள். 2022இல் அரசு தொடங்கிய 'கல்லூரிக் கனவு' வழிகாட்டித் திட்டம் இந்த வேலையைப் பள்ளிவரைக்கும் கொண்டுபோனது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், ஷூ கம்பெனி வேன் வாசலில் வந்து நின்று ஆள் எடுப்பதற்கு முன்னால், யாராவது ஒரு ஆசிரியர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட வேண்டும்.