பாலராமபுரத் தறிகளைக் காத்தது யார்?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நாகர்கோவில் சாலையில் இருக்கிறது பாலராமபுரம். கசவு எனப்படும் ஜரிகைக் கரையிட்ட முண்டுக்கும் சேலைக்கும் பேர்போன இவ்வூரின் நெசவைத் தொன்றுதொட்ட மரபு என்பார்கள். ஆனால் அதன் வயது இருநூறு ஆண்டுகளைச் சற்றே தாண்டும். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தெற்கேயிருந்து சாலியர் குடும்பங்கள் அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்யக் குடியமர்த்தப்பட்டன. ஊர் மன்னர் பெயரைப் பெற்றது. அதாவது, இங்கே முதலில் வந்தவர் வாங்குபவர். தறி பின்னால் வந்தது. இந்த நெசவின் பிற்கால ஏற்ற இறக்கத்தையும் இந்த வரிசையை வைத்தே விளங்கிக்கொள்ள முடியும்.

குழித்தறியில் அமர்ந்து நாடாவைக் கையால் எறிந்து நெய்வதும், பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி ஏற்றுவதும் நேரம் தின்னும் வேலைகள். இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியும் கரை அந்தப் பொறுமையின் விளைவு. அதற்கு விலை கொடுக்க ஆள் இருந்தவரை அந்தப் பொறுமையும் இருந்தது. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து மன்னராட்சி முடிந்த பின்னும் ஓணக்கோடி என்னும் ஓணப் புத்தாடை வாங்கும் குடும்பங்கள் இருந்தன. 1961-இல் தொடங்கிய ஹான்டெக்ஸ் என்ற கைத்தறி நெசவாளர் கூட்டுறவின் வழியே விற்பனைக்கு இன்னொரு வாசல் திறந்தது.

இந்த நெசவைக் காக்க வேண்டும் என்றால் இரண்டு மறுப்புகள் எழலாம். விசைத்தறித் துணி மலிவு, வாங்குவோர் விருப்பப்படி விடுங்கள் என்பது ஒன்று. ஆனால் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படும் சந்தையில் விருப்பம் எப்படி நேர்மையாக இருக்கும்? 2009-இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். நெசவாளிக்குக் கூலி தராது. கைத்தறியின் பசுமைப் பெருமை மிகை என்பது மற்றொன்று. நூல் ஆலையில் நூற்கப்படுகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நெய்யும் கட்டத்தில் மின்சாரம் தேவையில்லை. பாவுக்கு ஏற்றுவதும் அரிசிக் கஞ்சிதான். முழுப் புனிதம் இல்லை என்பதற்காக இந்தச் சிக்கனத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

ஆகவே அனுதாபத்துக்காக ஒரு சேலை வாங்குவதைவிட உறுதியான கொள்முதலே பயன் தரும். 2017-இல் கேரள அரசு பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி வாங்கத் தொடங்கியது, அரண்மனை ஒருகாலத்தில் செய்ததன் மக்களாட்சி வடிவம். ஆனால் கூலி தாமதமானால் அந்தக் கொள்முதலும் வெறும் அறிவிப்பே. தறியைவிட்டுப் போகும் அடுத்த தலைமுறையைத் தடுக்க, நெய்த துணிக்கு உரிய நாளில் உரிய கூலி வேண்டும். மரபைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.