ரெண்டையும் மூணையும் பெருக்கினா ஆறு

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட மூணுன்னு சொல்லிடும். அதே சொல்லை யூடிஎஃப்-8ல எழுதி பைத்தான் 2 கிட்ட நீளம் கேட்டா 15ன்னு சொல்லும். பைத்தான் 3 கிட்ட கேட்டா 5. ரெண்டுமே தப்புதானேன்னு தோணும். ஆனா அந்த 15க்கும் 5க்கும் நடுவுல ஒரு பெரிய சண்டையே நடந்து முடிஞ்சிருக்கு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

முதல்ல கணக்கை முடிச்சிடலாம். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஒவ்வொண்ணையும் யூடிஎஃப்-8 முறையில் எழுத மூணு பைட் வேணும். ஆக 15 பைட். பைத்தான் 2 பைட்டை எண்ணியது, பைத்தான் 3 குறியீட்டை எண்ணுகிறது. நம்ம ஊரு எழுத்துக் கணக்குப்படி மூணுன்னு சொல்ல வைக்க, அதுக்கு மேலயும் கொஞ்சம் வேலை செய்யணும். ஓப்பன் தமிழ் மாதிரி நிரல் தொகுப்புகள் அதைத்தான் செய்கின்றன.

நெதர்லாந்தில் கீடோ வான் ராசம் பைத்தானை முதன்முதலாக வெளியிட்டது 1991 பிப்ரவரியில். யூனிகோடின் முதல் பதிப்பு வந்ததும் அதே வருஷக் கடைசியில்தான். அதனால பைத்தானுக்கு சரம் என்றாலே பைட்டுகளின் வரிசை. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துக்கு ஒரு பைட், பிரச்னையே இல்லை. 2000 அக்டோபரில் வந்த 2.0, யூனிகோட் சரம் என்று இன்னொரு வகையைச் சேர்த்தது. மேற்கோள் குறிக்கு முன்னாடி "யூ" எழுத்தைப் போட்டால் புது வகை, போடாவிட்டால் பழைய வகை.

ரெண்டையும் கலந்து கூட்டினால்? இங்கதான் வில்லங்கம். பழையதெல்லாம் ஆஸ்கிதான்னு தானாவே நினைச்சுக்கிட்டு பைத்தான் 2 சத்தமில்லாம மாத்திப் போட்டுடும். ஆங்கிலப் பெயராக இருக்கிற வரைக்கும் எல்லாம் சுபம். எழுதினவர் சோதிச்சுப் பாத்தார், ஓடிச்சு, அனுப்பிட்டார். அப்புறம் எங்கேயோ ஒருத்தர் தன் பெயரைத் தமிழிலோ ஜப்பானிய மொழியிலோ தட்டச்சினார், ப்ரோகிராம் படுத்துடுச்சு. 128க்குள் அடங்காத பைட் வந்திருக்கு என்று ஒரு பிழைச்செய்தி. பைத்தான் 2ல தமிழைத் தொட்டவங்க எல்லாருக்கும் அந்தச் செய்தி மனப்பாடமா இருக்கும் :-)

இதைச் சரிசெய்யத்தான் 2008 டிசம்பர் 3ஆம் தேதி பைத்தான் 3.0 வந்தது. எழுத்து வேறு, பைட் வேறு. கலந்தால், ஆங்கிலமாகவே இருந்தாலும், அந்த இடத்திலேயே பிழை. தப்பு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் வெடிக்காம நம்ம மேசையிலேயே வெடிக்கும். பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடணும்கறதும் இதே பதிப்பில் வந்ததுதான். ஊரே அதைத்தான் திட்டித் தீர்த்தது, ஆனா அது சுண்டைக்காய் விஷயம். ஏழை இரண்டால் வகுத்தால் முன்பு 3, இப்போ 3.5 என்பது இன்னும் ஆபத்து. பிழைன்னே சொல்லாம விடை மட்டும் மாறும்.

மாற்றம் சரி. மாறச் சொன்ன வழிதான் கோளாறு என்பது என் கட்சி. ரெண்டு பதிப்பிலும் ஓடுகிற ஒரே நிரலை எழுதப் பார்க்காதீங்க, நடை கோணல்மாணலாகிவிடும் என்று 3.0வின் ஆவணமே அறிவுரை சொன்னது. பதிலாக, 2.6ல் எழுதி வையுங்கள், 2டூ3 என்ற கருவி 3க்கு மாற்றித் தரும் என்றார்கள். பிரிண்டை அந்தக் கருவி அழகாக மாற்றியது. ஆனா மேற்கோளுக்குள் இருப்பது எழுத்தா, படத்தின் பைட்டுகளா என்பது எழுதினவன் மனசுல இருக்கிற சங்கதி, கருவிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மறுபடி மாற்றணும் வேற. 3ல் ஒரு பிழை வந்தா அது காட்டுற வரி நீங்க எழுதின வரியே இல்லை.

அதனால எல்லாரும் அப்படியே உட்கார்ந்துட்டாங்க. பயன்படுத்துறவங்க நூலகம் மாறட்டும்னு காத்திருக்க, நூலகக்காரங்க பயன்படுத்துறவங்க மாறட்டும்னு காத்திருக்க, வருஷம் ஓடிப்போச்சு.

முடிச்சு அவிழ்ந்தது, செய்யாதேன்னு சொன்ன அதே வழியில். 2010ல் பெஞ்சமின் பீட்டர்சன் சிக்ஸ் என்ற ஒற்றைக் கோப்பு நூலகத்தை வெளியிட்டார். ரெண்டு பதிப்பிலும் பெயர் மாறிப்போன சமாச்சாரங்களுக்கு ஒரு பொதுப்பெயர் தரும், அவ்வளவுதான். ரெண்டையும் மூணையும் பெருக்கினா ஆறு, அதான் பெயர். கூட்டி அஞ்சுன்னு வைக்கலாமேன்னா, அந்தப் பெயரை ஜோப் ஆட்கள் முன்னாடியே எடுத்துட்டாங்களாம்! 2012ல் பைத்தான் 3.3 வந்தபோது, 3.0 தூக்கி எறிந்த அந்த "யூ" எழுத்தைத் திரும்ப அனுமதித்தார்கள். 3க்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனா அந்த ஒரு எழுத்தால ஆயிரக்கணக்கான வரிகளைத் தொடாமல் விட முடிந்தது. 2013ல் ஜாங்கோ 1.5, பரிசோதனையாக, ஒரே நிரலை ரெண்டிலும் ஓட்டியது.

2015ல் நிறுத்துவதாக இருந்த 2.7க்கு, 2014ல் இன்னும் அஞ்சு வருஷம் வாய்தா கொடுத்தார்கள். அதுவும் சிலருக்குப் பத்தலை. மெர்குரியல் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் பாடு தனிக்கதை. கோப்புகளை ஒரு பைட்கூட மாறாமல் காப்பதே அதன் வேலை, அதனால் "சரம் எல்லாம் எழுத்து" என்ற புதுச்சட்டம் அதன் வயிற்றிலடித்தது. நிரலை ஏற்றும்போதே அதில் இருக்கிற சரங்களுக்கெல்லாம் பைட் முத்திரை குத்துகிற ஒரு வித்தையை எழுதி சமாளித்தார்கள். பைத்தான் 3 ஆதரவோடு 5.2 வெளிவந்தது 2019 நவம்பரில். கெடு முடிய ரெண்டே மாசம்!

இவ்வளவு கஷ்டத்துக்கு மாறாமலே இருந்திருக்கலாமேன்னு கேக்கறவங்க பிஎச்பி கதையைப் பார்க்கணும். யூனிகோடை அடிவாரத்திலிருந்து கொண்டு வரத்தான் 6ஆம் பதிப்பு என்று கிளம்பினார்கள். 2010ல் கைவிட்டார்கள். 5க்கு அப்புறம் 2015ல் நேராக 7 வந்தது. அங்கே சரம் பைட்டாகவே இருக்கு. "தமிழ்" நீளம் கேட்டால் 15, வேறு விடை வேணும்னா அதுக்குன்னு இருக்கிற தனி கட்டளையைக் கூப்பிடணும்.

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ல் முடிந்தது. கடைசிப் பதிப்பு 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. 2டூ3 கருவியை 2024ல் வந்த 3.13லிருந்து எடுத்தே விட்டார்கள். சிக்ஸ் மட்டும் போகவில்லை. 2024ல் வந்த டேட்யூட்டில் 2.9 அதைக் கேட்கிறது, பாண்டாஸ் 2 டேட்யூட்டிலைக் கேட்கிறது. ஆக பாண்டாஸ் 2 நிறுவினவர் கணினியில், பைத்தான் 2 பக்கமே தலைவைத்துப் படுக்காதவராக இருந்தாலும், ஆறு உட்கார்ந்திருக்கும்.