நேப்பிள்ஸ் மீன்காட்சி சாலை

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரில், கடலோரப் பொதுப் பூங்காவினுள் ஒரு மாளிகை உள்ளது. கீழ்த்தளத்தில் மீன்காட்சி சாலை. மேல்தளங்களில் ஆய்வுக்கூடங்களும் நூலகமும். காண வருவோர் கீழே கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் மீன்களையும் எண்காலியையும் கண்டு வியந்து திரும்புவர். அவர்கள் வாயிலில் செலுத்தும் காசு மேலே நடைபெறும் ஆய்வுக்கு உதவ வேண்டும் என்பதே இதனை நிறுவியவரின் எண்ணம்.

அவர் ஜெர்மானிய விலங்கியலறிஞர் ஆன்டன் டோர்ன். நகராட்சி நிலம் வழங்கியது. கட்டடச் செலவு அவருடையது. 1872இல் நிலையம் நிறுவப்பெற்றது. 1874 ஜனவரியில் காட்சிசாலை திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் போதாமற் போகவே, அவர் வேறொரு வழி கண்டார். அரசுகளும் பல்கலைக்கழகங்களும் ஆண்டு வாடகை செலுத்தி ஆய்வு மேசைகளைப் பெற்றன. அவை அனுப்பும் அறிஞருக்கு இடமும், கருவிகளும், உயிருள்ள கடற்பிராணிகளும் ஆயத்தமாய் இருந்தன. எதை ஆராய்வது என்பதில் நிலையம் தலையிடவில்லை. தியோடோர் போவெரி இங்குதான் கடல்முள்ளியின் முட்டைகளை ஆராய்ந்து, கரு செவ்வனே வளர நிறப்புரிகளின் முழுத்தொகுதியும் தேவை என்று 1902இல் காட்டினார்.

இந்நகரின் கல்வி வரலாற்றோடு நமக்கும் ஓர் உறவுண்டு. இங்குள்ள பல்கலைக்கழகத்தை 1224இல் நிறுவியவர் இரண்டாம் பிரெடரிக் மன்னர். பிராணிகளைப் பற்றிய இப்னு ஸீனாவின் அரபு நூலை லத்தீனில் பெயர்த்து மைக்கேல் ஸ்காட் காணிக்கையாக்கியது அம்மன்னருக்கே. ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரி (ரஹ்) அவர்கள் எகிப்தில் இயற்றிய 'ஹயாத்துல் ஹயவான்' கடல்வாழ் உயிர்களையும் விரித்துரைக்கிறது. படைப்பை ஆராய்வது படைத்தவனை அறியும் வழி என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

முதல் உலகப் போரில் 1915இல் இத்தாலி இறங்கியபோது, நிலையம் டோர்ன் குடும்பத்தாரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1924இல் மகன் ரைன்ஹார்ட் டோர்ன் மீண்டும் பொறுப்பேற்றார். தந்தை 1909இலேயே மறைந்துவிட்டார். ஆளும் கை மாறினும் அறிவுப்பணி நிலைத்தது. புதுப்பிக்கப்பெற்ற காட்சிசாலை 2021இல் மீண்டும் திறந்தது.

முதலைச் சிதைக்காமல் விளைவை நற்பணிக்கு ஈவதே வக்பின் இலக்கணம். இந்நிலையம் வக்பு அன்று. எனினும், அறிவுக்கு நிலையான வருவாய் தேடிய கருத்தில் அதற்கு ஒப்பாகும். பள்ளிவாசல்களோடு மதரஸாக்களையும் மருத்துவமனைகளையும் நூலகங்களையும் வக்பினால் வளர்த்த சமுதாயம் நமது. ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு நம்முள் செல்வர் ஒருவர் ஒரு தோப்பையேனும் எழுதி வைத்தால், அது முன்னோர் வழியினின்று விலகியதாகாது. அவ்வழியைத் தொடர்ந்ததாகவே அமையும்.